கரும்பு மட்டும் போதவில்லை

ஈட்டி எறியும் வீராங்கனை அன்னு ராணியைப் பற்றி யார் எழுதினாலும் கரும்பில்தான் தொடங்குகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில், மீரட் மாவட்டத்தில் பகதூர்பூர் என்ற ஊர். விவசாயக் குடும்பம். கிரிக்கெட் விளையாடும்போது தங்கை பந்தைத் திருப்பி எறிகிற வேகத்தைப் பார்த்து அண்ணன் அசந்துபோகிறார். கரும்பு ஒன்றைக் கையில் கொடுத்து வயலில் எறியச் சொல்கிறார். அடுத்த வரியிலேயே பெண் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றுவிடுகிறாள்.

கதை உண்மைதான், அவரே பலமுறை சொன்னதுதான். ஆனால் அதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குள் ஒரு சங்கடம். முதல் வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் என்னென்ன கிடைக்காமல் இருந்தது, எது யார் தயவில் கிடைத்தது என்பதுதான் உண்மையில் அவருடைய வளர்ச்சி. கரும்பு இனிப்பாக இருப்பதால் நாம் அங்கேயே நின்றுவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் கரும்புதான். கள்ளக்குறிச்சிப் பக்கம். நம்மூரில் கரும்பு என்றதும் பொங்கலுக்கு வாங்கும் கறுப்புக் கரும்புதான் பலருக்கு நினைவு வரும். அன்னு ராணி எறிந்தது அதுவாக இருக்க வாய்ப்பில்லை. மேற்கு உத்தரப் பிரதேசம் முழுக்க சர்க்கரை ஆலைகளை நம்பி விளைகிற பூமி, எங்கள் பக்கம் போலவே. ஆலைக் கரும்பை வெட்டு நாளில் தூக்கிப் போட்டவர்களுக்கு அதன் கனம் தெரியும். அடிப்பக்கம் கனமாகவும் நுனி இலேசாகவும் இருக்கும், நேராகவும் இருக்காது. சோகை என்கிற காய்ந்த இலையை உரிக்கும்போதே கையைக் கீறிவிடும். பள்ளியில் படிக்கும்போது சோனல் போட்டிக்காக நானும் ஈட்டி எறிந்திருக்கிறேன். மாவட்ட அளவைத் தாண்டவில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கரும்பு எறிந்தால் தோள் உரமாகும். ஈட்டி எறிய அது போதாது.

பெண்களுக்கான ஈட்டி 600 கிராம்தான். நீளம் 2.2 முதல் 2.3 மீட்டர். பிடிக்கிற இடத்தில் கயிறு சுற்றியிருக்கும். எங்கே கனம் கூட வேண்டும், எங்கே குறைய வேண்டும் என்பதற்கெல்லாம் அளவு உண்டு. கோணம் கொஞ்சம் பிசகினாலும் காற்றில் தூக்கிக்கொண்டு தொப்பென்று விழுந்துவிடும். கைதான் எறிகிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கை கடைசியில்தான் வருகிறது. ஓடிவந்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, காலைக் குறுக்கே போட்டு வைக்கும் கடைசி எட்டுகள் இருக்கின்றனவே, அங்கேதான் எறிதல் நடக்கிறது. வலது கைக்காரர் இடது காலை முழங்கால் மடங்காமல் முன்னால் ஊன்றி நிறுத்துவார். வேகமாக ஓடிவந்த மாட்டு வண்டி சட்டென்று நின்றால் மேலே உட்கார்ந்திருப்பவர் முன்னால் பாய்வார் இல்லையா, அதேதான். கால் நிற்கும், இடுப்பும் தோளும் முன்னால் பாயும், அந்த வேகம் முழுவதும் கைக்கு வந்து ஈட்டிக்குப் போகும்.

அந்த ஒரு கால் மண் தரையில் சறுக்கும். சறுக்கிவிடுமோ என்ற பயம் இருந்தாலே போதும், உடம்பு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் ஈட்டி எறிகிறவர்களின் காலணியில் குதிகாலிலும் ஆணி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சிந்தெடிக் ஓடுபாதை தேவைப்படுகிறது. சரியான ஈட்டியும் காலணியும் ஓடுபாதையும், தவறைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆளும் இல்லாமல் எவ்வளவு பலமான தோளும் ஓர் எல்லைக்கு மேல் போகாது.

மீரட் இந்தியாவின் விளையாட்டுப் பொருள் தொழிலுக்குப் பேர்போன ஊர். கிரிக்கெட் மட்டைகள் அங்கிருந்து உலகம் முழுக்கப் போகின்றன. குண்டு, வட்டு, ஈட்டி போன்ற தடகளக் கருவிகளும் அங்கே தயாராகின்றன. அந்த மாவட்டத்தில் பிறந்த பெண் கரும்பை எறிந்தாள், அப்புறம் மூங்கிலில் செய்த ஈட்டியை எறிந்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. பட்டறைக்கும் அந்த வயலுக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. தரமான ஓர் ஈட்டியின் விலை ஒரு சின்ன விவசாயக் குடும்பத்துக்கு என்னவென்று கரும்புக்காரர்களுக்குத் தெரியும். ஆலையில் கரும்பைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பது எங்கள் ஊரிலும் அவர்கள் ஊரிலும் ஒன்றுதான்.

அன்னு 1992 ஆகஸ்டில் பிறந்தவர். அப்பாவுக்கு மகள் விளையாட்டுக்குப் போவதில் முதலில் விருப்பம் இல்லை. அந்த ஊர்ப்பக்கம் பெண் பிள்ளை கால்சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுவது என்பது வீட்டுக்குள் மட்டும் முடிகிற விஷயம் இல்லை. அக்கம்பக்கம் முழுக்கப் பேசும். அதனால் ஊர் விழிப்பதற்கு முன்னால் விடிகாலை இருட்டில் பயிற்சி. எழுப்பி அழைத்துப் போனது அண்ணன்தான். அவரும் ஓட்டக்காரர்.

இந்த அண்ணனைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளின் விளையாட்டுச் செலவையும் அந்த வீடு தாங்காது. சத்தான சாப்பாடு, காலணி, போக்குவரத்து எல்லாம் இரண்டு மடங்கு. அண்ணன் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு தங்கையை அனுப்பினார். காலணி வாங்கப் பிறரிடம் உதவி கேட்டு வாங்கியதையும் பின்னாளில் அந்தக் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் இது பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும். அக்காவின் படிப்பு நின்று தம்பியின் படிப்பு தொடரும், அதை யாரும் தியாகம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். வட இந்தியக் கிராமம் ஒன்றில் ஓடத் தெரிந்த பையன், தங்கச்சிக்குத்தான் கை இருக்கிறது என்று ஒதுங்கினான் என்பது சாதாரண விஷயம் இல்லை. அவர் ஒதுங்கியதால் எப்படிப்பட்ட ஓட்டக்காரர் ஒருவரை நாம் இழந்தோம் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கு இல்லை.

பயிற்சிக்கு அன்னு போன இடங்களில் ஒன்று மீரட்டில் உள்ள குருகுல் பிரபாத் ஆசிரமம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் விளையாடிய வில்வித்தை வீரர் சத்யதேவ் பிரசாத் அங்கிருந்து வந்தவர். அரசு மைதானம் கிட்டே இல்லாத இடத்தில் ஒரு ஆசிரமத்து மைதானம் தடகள வீராங்கனையை வளர்க்கிறது. முதலில் குண்டு, வட்டு, ஈட்டி மூன்றையும் எறிந்து பார்த்துவிட்டு ஈட்டியில் நின்றார்.

2014-இல்தான் நாடு அவர் பெயரைக் கேட்டது. லக்னோவில் நடந்த தேசியப் போட்டியில் 58.83 மீட்டர். குர்மீத் கௌர் 2000-இல் வைத்த தேசிய சாதனை, 14 வருடம் யாரும் தொடாதது, அன்று போனது. அதே ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 59.53 எறிந்து வெண்கலம். அந்தக் காலத்தில் தேசிய முகாமில் அவருக்குக் கோச்சாக இருந்தவர் காசிநாத் நாயக். ராணுவத்துக்காரர், 2010 தில்லி காமன்வெல்த்தில் ஈட்டியில் வெண்கலம் வாங்கியவர். தன் சொந்த உடம்பால் எறிந்து பார்த்த ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தும்போது என்ன நடக்கும் என்பதற்கு அந்த எண்களே சாட்சி.

2016-இல் 60 மீட்டரைத் தாண்டினார். இந்தியப் பெண் ஒருவர் அந்தக் கோட்டைத் தாண்டியது அதுதான் முதல் முறை. வெறும் ஒரு சென்டிமீட்டர் தாண்டல், 60.01. அப்புறம் 61.86, 62.34. 2019 தோஹா உலகச் சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றில் 62.43, இறுதிச் சுற்றுக்குள் போன முதல் இந்தியப் பெண் ஈட்டிக்காரர். இதில் நான் பார்க்கிற ஒன்று: ஒவ்வொரு முறையும் அவர் உடைத்தது தன்னுடைய சாதனையைத்தான். நாட்டுக்குள் அவரைத் துரத்த ஆளே இல்லை. துரத்த ஆள் இருந்தால்தான் எறிகிறவர் வளர்வார். ஆண்கள் ஈட்டியில் 2023 புடாபெஸ்ட் இறுதிச் சுற்றில் நீரஜ் சோப்ரா, கிஷோர் ஜெனா, டி.பி. மனு என்று மூன்று இந்தியர்கள் நின்று, மூவரும் முதல் ஆறு இடத்துக்குள் வந்தார்கள். பெண்கள் பக்கம் அன்னு தனியாகவே ஓடிவந்து, தனியாகவே எறிந்து, தன்னையே தாண்டிக்கொண்டிருந்தார்.

நீரஜ் பெயர் வந்துவிட்டது. ஹரியானாவில் பானிபட் மாவட்டம், காந்த்ரா கிராமம், பெரிய கூட்டுக் குடும்பம், விவசாயம். அவர் கதையையும் வயலில் தொடங்குகிறோம். ஆனால் அவர் ஈட்டியைப் பிடித்தது பானிபட் நகரத்து சிவாஜி ஸ்டேடியத்தில், அங்கே எறிந்துகொண்டிருந்த மூத்த பையன்களைப் பார்த்து. அப்புறம் 2011-இல் பஞ்ச்குலாவுக்குப் போனார், அங்கே சிந்தெடிக் ஓடுபாதை இருந்தது. அடுத்த ஆண்டே ஜூனியர் தேசியப் போட்டியில் 68.40 மீட்டர் எறிந்தார். விவசாயி மகன் என்பது அவருக்கு உடம்பையும் உழைப்பையும் கொடுத்திருக்கலாம். அவரை எறிய வைத்தது பஸ் ஏறிப் போகக்கூடிய தூரத்தில் இருந்த மைதானமும், செலவைப் பங்கு போட்டுக்கொண்ட சித்தப்பா பெரியப்பாக்களும்.

2021 மார்ச்சில் பாட்டியாலாவில் அன்னு 63.24 எறிந்தார். புதிய தேசிய சாதனை. டோக்கியோ ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி 64 மீட்டர். 76 சென்டிமீட்டர் குறைவு, ஒரு எட்டு வைக்கிற நீளம்கூட இல்லை. பிறகு உலகத் தரவரிசையை வைத்து இடம் கிடைத்துப் போனார். ஆகஸ்ட் 3-ஆம் தேதி தகுதிச் சுற்றில் அவருடைய சிறந்த எறிதல் 54.04. அவ்வளவுதான், வெளியே. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 7-இல் நீரஜ் 87.58 எறிந்தார், நாடே தெருவுக்கு வந்தது. இந்தியத் தடகள சம்மேளனம் ஆகஸ்ட் 7-ஐ ஈட்டி எறிதல் நாள் என்று அறிவித்தது. அந்த வாரத்தில் எங்கள் வீட்டிலும் எல்லோரும் ஈட்டியைப் பற்றித்தான் பேசினோம். அன்னுவின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

தோற்றவரை மறப்பது உலக வழக்கம் என்று சொல்லலாம். ஆனால் 54 மீட்டர் எறிந்தவர் அதற்கு ஐந்து மாதம் முன்னால் 63 எறிந்தவர். ஒன்பது மீட்டர் எங்கே போனது? ஈட்டி எறிதலில் இது நடக்கும். ஒரு சாதாரண எறிதலுக்கும் நல்ல எறிதலுக்கும் நடுவில் இருப்பது ஊன்றும் கால் சில அங்குலம் தள்ளி விழுவதோ, கை ஒரு கணம் முந்திவிடுவதோதான். தகுதிச் சுற்றில் கிடைப்பதோ மூன்றே வாய்ப்பு. வெளிநாட்டுப் போட்டிகளில் நிறைய எறிந்து பழகியவர்களுக்கு அந்த மூன்றில் ஒன்றையாவது சரியாகப் போட்டுவிடும் நிதானம் இருக்கும். கொரோனா காலத்தில் அவருக்கு அந்தப் பழக்கம் கிடைக்கவும் வழி இல்லை. இது என் கணிப்பு. ஆனால் அடுத்த ஆண்டு நடந்தது இதோடு ஒத்துப்போகிறது.

2022 மே மாதம் ஜம்ஷெட்பூரில் 63.82. ஜூலையில் அமெரிக்காவின் யூஜீனில் உலகச் சாம்பியன்ஷிப், மறுபடியும் இறுதிச் சுற்று, ஏழாவது இடம். ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் சரியாக 60.00 மீட்டர் எறிந்து வெண்கலம். காமன்வெல்த் ஈட்டியில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். முன்னால் நின்றவர்கள் இருவரும் ஆஸ்திரேலியர்கள், அதில் கெல்சி-லீ பார்பர் இரண்டு முறை உலகச் சாம்பியன்.

அடுத்த வருடம் எல்லாம் தலைகீழ். 2023-இல் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போனார், அரசு செலவில். எறிதல் ஏறுவதற்குப் பதில் இறங்கியது. பெரிய போட்டி ஒவ்வொன்றிலும் 60-க்குக் கீழேயே நின்றார். ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் 57.05, தகுதிச் சுற்றோடு திரும்பினார். வயது 31 ஆகிவிட்டது. அரசு இவ்வளவு செலவு செய்தும் தன்னால் எறிய முடியவில்லையே என்று மனம் உடைந்து இருந்ததாகப் பின்னால் அவரே சொன்னார். விவசாய வீட்டுப் பிள்ளைக்கே உரிய கவலை இது. பிறர் பணத்தில் ஒரு ரூபாய் வீணானாலும் தூக்கம் வராது. நல்ல வசதியில் வளர்ந்தவருக்கு மோசமான ஆண்டு என்பது மோசமான ஆண்டு மட்டும்தான். இவருக்கு அது கடனாகத் தெரிந்திருக்கிறது.

அந்த மனதோடுதான் சீனாவின் ஹாங்ஜோவுக்கு, ஆசிய விளையாட்டுக்குப் போனார். ஆண்டின் கடைசிப் பெரிய போட்டி. 2023 அக்டோபர் 3, மாலை. நான் அலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டியில் சீனாவின் லியூ ஹுய்ஹுய் இருந்தார், ஆசியாவின் பலம் வாய்ந்த கைகளில் ஒன்று. சொந்த மண், சொந்தக் கூட்டம். இலங்கையின் நதீஷா டில்ஹான் லேகம்கேவும் அன்று தன் வாழ்நாள் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். அன்னு நான்காவது வாய்ப்புக்கு ஓடிவந்தார். இடது கால் ஊன்றியதைத்தான் நான் முதலில் பார்த்தேன். அசையவே இல்லை. ஈட்டி மட்டமாக, நடுக்கம் இல்லாமல் போனது. 62.92. அந்த ஆண்டில் அவர் எறிந்ததிலேயே அதிகம்.

அதற்கு மேல் யாரும் எறியவில்லை. நதீஷாவுக்கு 61.57-இல் வெள்ளி, லியூவுக்கு 61.29-இல் வெண்கலம். ஆசிய விளையாட்டுப் பெண்கள் ஈட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கம். 1951-இல் இருந்து நடக்கிற விளையாட்டில் 2023-இல்தான் வந்தது. இலங்கைக்கும் அந்த வெள்ளி சாதாரணம் இல்லை. பெரிய நாடுகளின் பண பலம் இல்லாமல் மேடைக்கு வந்தவர் அவரும்.

அதே மாலையில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் பாருல் சௌத்ரி கடைசி மீட்டர்களில் ஜப்பான் வீராங்கனையை முந்தித் தங்கம் வென்றார். பாருலும் மீரட் மாவட்டம்தான், இக்லௌதா கிராமம், விவசாயியின் மகள். ஒரே மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் இருவர், ஒரே மைதானம், ஒரே மாலை. கடைசிச் சுற்றில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டதற்கு, தங்கம் வென்றால் உத்தரப் பிரதேச காவல்துறையில் டி.எஸ்.பி. பதவி கிடைக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார் பாருல். சிலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அது மிகவும் மரியாதைக்குரிய பதிலாகப் பட்டது. விவசாய வீட்டில் ஒரு நிலையான சம்பளம் என்பது என்ன என்று தெரிந்தவர்கள் அதில் சிரிக்க ஒன்றும் காண மாட்டார்கள். நாட்டுக்காக ஓடுவதும் வீட்டுக்காக ஓடுவதும் அந்தப் பெண்களுக்கு இரண்டு ஓட்டம் இல்லை.

ஹாங்ஜோவோடு அன்னுவின் கதையை முடித்தால் அழகாக இருக்கும். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 55.81 மீட்டர், மறுபடியும் தகுதிச் சுற்றோடு வெளியே. சமூக ஊடகத்தில் அன்று அவரைப் பற்றி வந்த வார்த்தைகளை இங்கே எழுத மனம் வரவில்லை. வரிப்பணம் வீண் என்பதுதான் அதில் நாகரிகமானது. தன் அண்ணனின் ஓட்டத்தை விலையாகக் கொடுத்து வந்த ஒருவரிடம், நான்கு வருடத்துக்கு ஒருமுறை டி.வி. பார்க்கிறவர்கள் கணக்குக் கேட்டார்கள்.

ஏன் ஒலிம்பிக்கில் 55-ஐ ஒட்டியே நிற்கிறார் என்பது நியாயமான கேள்விதான், நானும் கேட்டுக்கொள்வது உண்டு. பெரிய மேடையின் பதற்றம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தோஹாவிலும் யூஜீனிலும் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிச் சுற்றுக்குப் போனவரிடம் பதற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. எனக்குப் படுவது இது: அடித்தளம் பிள்ளைப் பருவத்தில் போடப்பட வேண்டிய விளையாட்டு இது. சரியான ஈட்டியும் ஓடுபாதையும் 12, 13 வயதில் கிடைத்தவருக்குக் கால் ஊன்றுவது மூச்சு விடுவதாக ஆகிவிடும். 18 வயதை ஒட்டி அதைக் கற்றுக்கொண்டவர் ஒவ்வொரு முறையும் நினைத்து நினைத்துத்தான் ஊன்ற வேண்டும். நல்ல நாளில் அது தெரியாது. கெட்ட நாளில் ஏழெட்டு மீட்டராகத் தெரியும். அந்த ஏழெட்டு மீட்டர் கரும்பு வயலில் அவருக்குக் கிடைக்காமல் போனது என்று நான் நம்புகிறேன்.

பாரிஸுக்குப் பிறகு அவர் ஓய்வு பெறுவார் என்றுதான் நானும் நினைத்தேன். 2025 ஆகஸ்டில், 33 வயதை எட்டும் நேரத்தில், போலந்தின் ஷ்செட்சின் நகரில் ஒரு போட்டியில் 62.59 எறிந்து முதலிடம் வந்தார். ஹாங்ஜோ தங்கத்துக்கும் அதற்கும் 33 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அடுத்த மாதம் டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்பில் திரும்பவும் தகுதிச் சுற்றோடு வெளியேறினார். இரண்டும் அவர்தான். 63.82 என்ற தேசிய சாதனை அவர் பெயரில் இருக்கிறது. அதை உடைக்க அடுத்த பெண் வரும்போது அவள் கையில் கரும்பு இருக்கக் கூடாது, 600 கிராமில் சரியான ஓர் ஈட்டியும் காலில் குதிகால் ஆணி வைத்த காலணியும் இருக்க வேண்டும். மீரட்டில் அதைச் செய்வதற்கு வேண்டிய பட்டறைகள் எப்போதிருந்தோ இருக்கின்றன.